கோழி நம் கொட்டிலில், தராசு யார் கையில்?



செத்துப்போன கோழி யாருடைய கோழி? கோழி வளர்ப்பு ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடுமுன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்று சொல்வதற்காகவே முள்ளியவளையில் இருந்து இதை எழுதுகிறேன்.

தோட்டங்களில் இருக்கும் சொந்தங்கள் இப்போது தொலைபேசியில் அடிக்கடி கேட்பது இதுதான்: "மாமா, அங்க கோழி போட்டா ரெண்டு மாசத்துல கையில காசு வருமாமே, உண்மைதானா?" கேட்பதில் தப்பில்லை. 2021 மார்ச்சில் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை போராட்டம் நடந்தது, 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வருவதற்கு எத்தனை பேச்சுவார்த்தை நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில் அரிசி, மா, பிள்ளைகளின் கொப்பி, பஸ் காசு எல்லாம் முடியாதபோது வீட்டோடு செய்யக்கூடிய ஒரு தொழிலைத் தேடுவது இயல்பு.

வன்னிக்கும் தோட்டத்துக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்ததல்ல. 1970களில் தோட்டங்களில் பட்டினி வந்தபோதும், 1977, 1983 வன்செயல்களின் போதும் எத்தனையோ குடும்பங்கள் மலையை விட்டு இறங்கி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று வந்து காடு வெட்டிக் குடியேறின. 2009 யுத்தத்தில் மாடு, ஆடு, கோழி, கூரைத் தகரம் வரை எல்லாம் போயின. மீள்குடியேறி வந்தபோது நிவாரணப் பொருளோடு வாழ்வாதார உதவி என்று பலருக்குக் கொடுக்கப்பட்டதும் கோழிக் குஞ்சுதான். ஆகவே கோழி எங்களுக்குப் புதிதல்ல. புதிதாக வந்திருப்பது புரொய்லர் கோழியும் அதோடு வரும் ஒப்பந்தமும்தான்.

கோழி வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வளர்க்கலாம், நன்றாகவும் வளர்க்கலாம். ஆனால் நட்டம் வந்தால் அதை யார் தாங்குவது என்பதை முதலில் பேசி எழுதிக்கொள்ளாமல் வளர்த்தால், செக்ரோலில் பெயர் இல்லாத கூலிகளாக நம்மை நாமே ஆக்கிக்கொள்வோம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நாற்பத்திரண்டு நாள் கணக்கு

முதலில் தொழிலைப் பார்ப்போம். 500 குஞ்சு போடும் ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் பார்க்கலாம்.

ஒரு நாள் வயதுக் குஞ்சு ஏறக்குறைய 40 கிராம் நிறையில் வருகிறது. ஆறு கிழமையில், அதாவது 42 நாளில், 2 கிலோவுக்கு வந்துவிடும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்றால் 500 சதுர அடிக் கொட்டில் வேண்டும். நூற்றுக்கு ஐந்து சாகும் என்று வைத்தால் விற்க மிஞ்சுவது 475. நிறை 950 கிலோ.

அந்த நிறைக்குத் தீனி எவ்வளவு? நன்றாகப் பராமரித்தால் ஒரு கிலோ உயிர் நிறைக்கு 1.7 கிலோ தீனி போகும். 950 கிலோவுக்கு 1,615 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 32, 33 மூட்டை. மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீனிக்கே போய்விடும். இப்போது ஒரு சின்ன மாற்றம் செய்து பாருங்கள். வெயில், நோய், சிந்தும் தீனித் தட்டு, தரம் குறைந்த குஞ்சு என்று ஏதோ ஒன்றால் கிலோவுக்கு 2 கிலோ தீனி போய்விட்டது என்று வையுங்கள். அப்போது 1,900 கிலோ. கூடுதலாகப் போனது 285 கிலோ, ஏறக்குறைய ஆறு மூட்டை. ஒரு குடும்பத்தின் இலாபம் பெரும்பாலும் அந்த ஆறு மூட்டைக்குள்தான் கிடக்கிறது. தராசையும் கொப்பியையும் விட்டுவிட்டுக் கோழி வளர்ப்பவருக்கு அந்த ஆறு மூட்டை எங்கே போனது என்றே தெரியாது.

வேலையும் லேசானதல்ல. முதல் கிழமையில் குஞ்சுக்கு 32, 33 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு கிழமைக்கு ஏறக்குறைய 3 பாகை குறைத்துக்கொண்டு போகவேண்டும். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சைப் பார்த்தால் தெரியும். மின்குமிழுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர், விலகி ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு, பரவிப் படுத்தால் சரி. இதை இரவிலும் பார்க்கவேண்டும். கம்போரோ, ரணிக்கெட் நோய்களுக்குரிய தடுப்பு மருந்தைக் கால்நடை வைத்தியர் சொல்லும் நாளில் தண்ணீரில் கொடுக்கவேண்டும். குளோரின் போட்ட தண்ணீரில் கலந்தால் மருந்து வேலை செய்யாது. உமி ஈரமானால் கிளறவேண்டும், இல்லாவிட்டால் இரத்தக் கழிச்சல் வரும். செத்ததை அன்றன்றே குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவேண்டும்.

இத்தனையும் யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். யுத்தத்துக்குப் பிறகு பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியில் ஏராளம். ஆண்கள் இருக்கும் வீட்டிலும் நடுச்சாமத்தில் எழுந்து மின்குமிழைப் பார்ப்பது பெண்தான். ஒப்பந்தத்தில் மட்டும் புருஷனின் பெயர். தோட்டத்தில் பெண் பறித்த கொழுந்தின் சம்பளத்தை ஆண் போய்க் கைநீட்டி வாங்கிய காலம் நமக்கு மறந்துபோகவில்லையே.

எங்கள் மண்ணின் நன்மையும் கெடுதியும்

முள்ளியவளைப் பக்கம் இந்தத் தொழிலுக்கு நன்மைகள் உண்டு. வயலும் அரிசி ஆலையும் இருப்பதால் உமிக்குக் குறைவில்லை. கொட்டிலில் இருந்து எடுக்கும் எரு தென்னைக்கும் கச்சானுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் உடனே போகும். காணி நுவரெலியாவைப் போல் பேர்ச் கணக்கில் நெருக்குவதில்லை.

ஆனால் வெயில் இருக்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். சூடு 32 பாகையைத் தாண்டினால் தீனி எடுப்பதைக் குறைக்கும். சோளகம் வீசும் மாதங்களில் இங்கே பகல் வெயில் அதையும் தாண்டிப் போகும். அந்த வெயிலில் முதலில் விழுவது சின்னக் கோழியல்ல, நிறை கூடிய பெரிய கோழி. அதாவது விற்க இரண்டு நாள் இருக்கும் கோழி. 35 நாள் வயதில் ஒரு கோழி செத்தால் போவது ஒரு குஞ்சின் விலை மட்டுமல்ல. அது தின்ற ஏறக்குறைய 3 கிலோ தீனியும் சேர்ந்து போகிறது. ஒரு பின்னேரத்தில் 50 கோழி விழுந்தால் மூன்று மூட்டைத் தீனி மண்ணுக்குள் போனது என்று அர்த்தம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. கொட்டிலின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கவேண்டும். தகரத்தின் மேல் கிடுகு போடவேண்டும். பக்கங்களைக் கம்பி வலையாக விடவேண்டும். காலை பத்து மணியில் இருந்து பின்னேரம் நாலு மணி வரை தீனியைத் தூக்கிவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கவேண்டும். வெயில் காலத்தில் குஞ்சின் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். ஆனால் கடைசியாகச் சொன்னது ஒப்பந்தக்காரரின் கையில் இல்லை. எத்தனை குஞ்சு இறக்குவது என்பதைக் கம்பனிதான் முடிவு செய்கிறது.

மாரி வந்தால் இன்னொரு பக்கம். 2022 டிசம்பரில் புயலோடு வந்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன. மாட்டுக்கே அந்தக் கதி என்றால் இரண்டு கிழமைக் குஞ்சின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

சந்தையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் மச்சம் விலக்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, திருவெம்பாவை என்று விரத நாட்களும் உண்டு. தீபாவளிக்கும் நத்தாருக்கும் கோழி பறக்கும். தனியாக வளர்ப்பவர் இந்த நாட்களை எண்ணி ஆறு கிழமை முன்னதாகக் குஞ்சு இறக்கலாம். ஒப்பந்தத்தில் வளர்ப்பவருக்கு அந்த உரிமையும் இல்லை.

கூலி என்ற சொல்

ஒப்பந்தம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். குஞ்சு, தீனி, மருந்து கம்பனியுடையது. காணி, கொட்டில், தண்ணீர், மின்சாரக் கட்டணம், உமி, இரவு பகல் உழைப்பு நம்முடையது. 40 நாளுக்குப் பிறகு லொறி வரும், நிறுப்பார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தருவார்கள். தீனி கூடப் போனதற்கும் சாவு கூடியதற்கும் கழிப்பார்கள்.

தமிழ்நாட்டில் பல்லடம், உடுமலைப்பேட்டை பக்கம் இந்த முறை வேரூன்றி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அங்கே பண்ணைகளில் கொள்முதல் செய்யும் கோழியின் விலை பல்லடத்தில் கூடும் ஒரு குழுவால் அறிவிக்கப்படுகிறது. அந்த விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒப்பந்தத்தில் வளர்ப்பவருக்குக் கிடைப்பது கிலோவுக்குச் சில ரூபாதான். அந்தத் தொகைக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? வளர்ப்புக் கூலி. தன் சொந்தக் காணியில், தன் கடனில் கட்டிய கொட்டிலில் நிற்கிறவரின் வருமானத்துக்கும் கூலி என்றே பெயர் வந்திருக்கிறது. அந்தக் கூலியைக் கூட்டித் தரச் சொல்லி அவர்கள் பல தடவை போராடியும் இருக்கிறார்கள்.

கூலி என்றால் கூலிக்குரிய உரிமையும் வேண்டுமே. தோட்டத்தில் நமக்கு எத்தனை குறை இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. நம் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால் தொழில் தருநர் 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டவேண்டும். 1983 சட்டப்படி பணிக்கொடை இருக்கிறது. சம்பளச் சபை இருக்கிறது. பிரசவ விடுமுறை இருக்கிறது. ஒப்பந்தக் கோழிக்காரருக்கு இவற்றில் ஒன்றுமில்லை. ஏனென்றால் காகிதத்தில் அவர் தொழிலாளி அல்ல, சுயதொழில் செய்பவர். முதலாளியின் பெயர் நமக்கு, முதலாளியின் அதிகாரம் அவர்களுக்கு.

நட்டம் திசை மாறும் நாலு இடங்கள்

முதலாவது, குஞ்சு. பொரிப்பகத்தில் இருந்து நோயோடோ, நீண்ட தூரம் வந்து வாடியோ இறங்கும் குஞ்சு முதல் கிழமையில் சாகும். அது வளர்ப்பவரின் குற்றமல்ல. ஆனால் சாவுக் கணக்கில் அவர் பெயரில்தான் விழும்.

இரண்டாவது, தீனி. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை வளர்ப்பவர் சோதிக்க முடியாது. கோழி நிறை ஏறாவிட்டால் "சரியாகப் பார்க்கவில்லை" என்ற பேச்சு மட்டும் அவருக்கு வரும்.

மூன்றாவது, லொறி வரும் நாள். ஆறாவது கிழமையில் ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 கிராம் தின்னும். 475 கோழிக்கு ஒரு நாளைக்கு 85 கிலோ. லொறி ஒரு கிழமை பிந்தினால் 600 கிலோ, 12 மூட்டை. அந்த வயதில் தின்னும் தீனி முன்பு போல் இறைச்சியாக மாறுவதில்லை. ஆகவே தீனிக் கணக்குக் கெட்டுப்போகும், கழிவு கூடும். பிந்தியது லொறி, தண்டம் நமக்கு.

நாலாவது, தராசு. ஏற்றுவதற்குச் சில மணித்தியாலம் முன்பே தீனியை நிறுத்திவிடுவது வழக்கம். அதற்குப் பிறகு மணிக்கு மணி கோழியின் நிறை இறங்கும். பின்னேரம் வருகிறேன் என்ற லொறி விடியற்காலையில் வந்தால் அந்த நிறை யாருடைய நட்டம்? நிறுப்பது கொட்டில் வாசலிலா, அல்லது அவர்களுடைய இடத்திலா? கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக் கழிவு, சாக்குக் கழிவு, முற்றல் கழிவு என்று கிலோக் கணக்கில் வெட்டுப்பட்டவர்களுக்குத் தராசைப் பற்றி நான் பாடம் சொல்லத் தேவையில்லை.

கொட்டில் வெறுமையாகக் கிடந்தால்

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. நவம்பரில் தடையை நீக்கினாலும் சோள அறுவடை விழுந்துவிட்டது. கோழித் தீனியின் பெரும்பகுதி சோளம்தான். 2022ல் டொலர் இல்லாமல் தீனிப் பொருளும் மருந்தும் தாய்க்கோழியும் இறக்குமதி செய்ய முடியவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மின்குமிழை நம்பி நிற்கும் குஞ்சுக்கு அது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். 2023 மார்ச்சில் இந்தியாவில் இருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது.

அந்த மாதிரிக் காலத்தில் கம்பனி குஞ்சு இறக்குவதைக் குறைத்துக்கொள்ளும். அது அவர்களுடைய வியாபாரப் புத்தி. ஆனால் வெறும் கொட்டிலுக்கு யாரும் கூலி தருவதில்லை. கொட்டில் கட்ட எடுத்த கடனுக்கு மட்டும் மாதாமாதம் தவணை வரும். 42 நாள் வளர்ப்பும், கழுவிக் காயவைக்க இரண்டு கிழமையும் என்று பார்த்தால் வருடத்துக்கு ஆறு தடவை குஞ்சு இறக்கலாம். ஆறு என்று கணக்குப் போட்டுக் கடன் எடுத்தவருக்கு நாலு தடவைதான் குஞ்சு வந்தால் மிச்ச இரண்டுக்கும் நகையை அடகு வைக்கவேண்டியதுதான். நுண்கடன் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பது வன்னி முழுக்கத் தெரியும். 2018ல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுடைய நுண்கடன்களை அரசாங்கமே தலையிட்டுத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

நம் பாட்டன் பூட்டனுக்குத் துண்டு என்று ஒன்று இருந்தது. கங்காணிக்கு இவ்வளவு கடன் என்று எழுதிய துண்டைக் காட்டாமல் ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகமுடியாது. கடன் ஆளைக் கட்டிப்போட்டது. 1921ல் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. இன்று கொட்டில் கடன் கட்டி முடியும்வரை எந்த விலைக்கும் தலையாட்டவேண்டிய நிலை வந்தால், அதற்குப் பெயர் வேறாக இருக்கலாம், கட்டு ஒன்றுதான்.

இதைத் தோட்டத்தில் இருப்பவர் ஏன் வாசிக்கவேண்டும்?

ஏனென்றால் இதே ஒப்பந்தம் தேயிலைச் செடியோடு உங்கள் வாசலுக்கும் வருகிறது. 2021ல் 1,000 ரூபாச் சம்பளம் வர்த்தமானியில் வந்ததோடு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து விலகின. நாட்சம்பளத்துக்குப் பதிலாக வருமானப் பகிர்வு, வெளியார் உற்பத்தி முறை என்று பேசி வருகின்றன. இத்தனை செடி உனக்கு, நீ பராமரித்துக் கொழுந்தைக் கொண்டுவா, கிலோவுக்கு இவ்வளவு தருகிறோம் என்பதுதான் அதன் சாரம். மழை பெய்யாவிட்டால், கொழுந்து விலை விழுந்தால், உரம் கிடைக்காவிட்டால் அது செடியைப் பொறுப்பெடுத்தவரின் பாடு. கோழிக் கொட்டிலில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை பழகிய கதை.

தேயிலையில் ஒரு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. இலங்கைத் தேயிலையில் ஏறக்குறைய முக்கால் பங்கை உற்பத்தி செய்பவர்கள் சிறுதோட்ட உடைமையாளர்கள். அவர்களுடைய பச்சைக் கொழுந்துக்குத் தொழிற்சாலை தன் இஷ்டத்துக்கு விலை போடமுடியாது. ஏலத்தில் கிடைக்கும் விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்று ஒரு விகிதம் வைத்து நியாய விலை கணிக்கப்படுகிறது. அந்த விகிதத்தில் குறை சொல்பவர்கள் இருக்கலாம். ஆனாலும் விகிதம் என்று ஒன்று எழுத்தில் இருக்கிறது. கோழி வளர்ப்பவருக்கும், நாளை செடி எடுக்கும் தொழிலாளிக்கும் அப்படி ஒரு விகிதம் எழுத்தில் வரவேண்டும் என்பதே நமது கோரிக்கையாக இருக்கவேண்டும்.

பெரிய நாட்டிலும் இதே வழக்குத்தான். அமெரிக்காவில் ஒரே கிழமையில் கோழி கொடுக்கும் பண்ணையாளர்களை ஒருவருக்கு ஒருவர் போட்டி வைத்து, தரவரிசைப்படி கூட்டியும் குறைத்தும் காசு கொடுக்கிறார்கள். குஞ்சும் தீனியும் கம்பனி கொடுத்தது. தோற்றவர் மட்டும் பண்ணையாளர். அங்கேயும் பல வருட முறைப்பாட்டுக்குப் பிறகு, வருமானம் எப்படி ஏறி இறங்கியிருக்கிறது என்பதை ஒப்பந்தம் செய்யுமுன் எழுத்தில் காட்டவேண்டும் என்று ஒரு விதி 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கப் பண்ணையாளருக்கே சட்டத்தின் துணை தேவைப்பட்டது என்றால் முள்ளியவளையில் தனியாக நிற்கும் ஒரு அக்காவுக்குத் தேவைப்படாதா?

மறுபக்கத்துப் பேச்சு

"கம்பனி இல்லாவிட்டால் குஞ்சுக்கும் தீனிக்கும் இலட்சக் கணக்கில் முதல் எங்கே இருந்து வரும்? விலை விழுந்தால் கம்பனிதானே தாங்குகிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. சந்தை விலை சரியும் நாளில் ஒப்பந்தக்காரருக்குப் பேசிய தொகை வரும், தனியாக வளர்த்தவர் கையைக் கடித்துக்கொள்வார். கையில் ஒன்றுமில்லாதவர் தொழில் பழக ஒப்பந்தம் ஒரு வழி. நேர்மையாக நடக்கும் ஒப்பந்தங்களும் இருக்கத்தான் செய்யும்.

நான் கேட்பது ஒப்பந்தத்தை ஒழிக்கச் சொல்லி அல்ல. விலை விழும் நட்டத்தைக் கம்பனி தாங்குவது போல, வெயிலும் வெள்ளமும் மின்வெட்டும் கொண்டுவரும் நட்டத்திலும் அவர்களுக்கு ஒரு பங்கு இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். கோழி உயிரோடு இருக்கும்வரை கம்பனியுடையது, செத்த நிமிடத்தில் நம்முடையது என்பது எந்த ஊர் நியாயம்?

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தம் தமிழில் இருக்கவேண்டும். பிரதி ஒன்று வீட்டில் இருக்கவேண்டும். வாசித்து விளங்க ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த ஒப்பந்தம் வேண்டாம்.

சாவுக் கணக்கைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முதல் கிழமைச் சாவு குஞ்சின் கணக்கு, கம்பனிக்கு. வெயில், வெள்ளம், நீண்ட மின்வெட்டு என்றால் இருவருக்கும் பாதி. நம் கவனக்குறைவு என்றால் நமக்கு. எதனால் செத்தது என்பதை அரச கால்நடை வைத்தியர் சொல்லவேண்டும், கம்பனியின் மேற்பார்வையாளர் அல்ல.

நிறுப்பது கொட்டில் வாசலில், நம் கண்முன், முத்திரை குத்திய தராசில் நடக்கவேண்டும். ஏற்றும் திகதி எழுத்தில் வேண்டும். பிந்தினால் அந்த நாட்களின் தீனி நம் கணக்கில் ஏறக்கூடாது. வருடத்துக்கு எத்தனை தடவை குஞ்சு இறக்குவார்கள் என்பதையும், இறக்காவிட்டால் கொட்டிலுக்கு என்ன தருவார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கொட்டிலில் வேலை செய்யும் பெண்ணின் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

கடன் எடுத்து ஆயிரம் குஞ்சில் தொடங்காதீர்கள். தனியாகத் தொடங்குபவர் நூறு, நூற்றைம்பதோடு தொடங்கட்டும். மூன்று தடவை வளர்த்து, போட்ட மூட்டை, செத்த கோழி, விற்ற கிலோ மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பி சொல்வதை வைத்து அடுத்த அடி வையுங்கள். காணி உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ எவரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகப் பேசாதீர்கள். தனியாகப் போய்க் கேட்டால் "விருப்பமில்லாவிட்டால் விடு, அடுத்த வீட்டில் கொடுக்கிறோம்" என்பார்கள். அடுத்த வீட்டுக்காரரும் உங்களோடு நின்றால் அந்தப் பேச்சு எடுபடாது. ஒரு ஊரில் பத்துப் பேர் சேர்ந்தால் கூட்டுறவுச் சங்கமாகப் பதியலாம். வடக்கில் பால் சேகரிக்கும் கால்நடை வளர்ப்போர் சங்கங்கள் அப்படித்தான் நிற்கின்றன. பத்துப் பேரும் சேர்ந்து தீனியை மொத்தமாக வாங்கலாம், ஒரு தராசு வாங்கலாம், ஒரு ஜெனரேட்டர் வாங்கலாம், ஒரே ஒப்பந்தத்தில் ஒரே விலை கேட்கலாம்.

நம் தொழிற்சங்கத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. செக்ரோலில் பெயர் இருப்பவர் மட்டும்தான் தொழிலாளி என்ற எண்ணத்தை நாம் விடவேண்டும். வன்னியில் கோழிக் கொட்டில் வைத்திருக்கும் நம் சொந்தங்களையும், தோட்டத்தில் செடி பொறுப்பெடுக்கச் சொல்லி வற்புறுத்தப்படும் குடும்பங்களையும் அங்கத்தவராகச் சேர்க்க வழி செய்யவேண்டும். ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்ல மாவட்டத்துக்கு ஒரு தோழரையாவது நியமிக்கவேண்டும். ஒப்பந்த வளர்ப்புக்கு விகிதமும் சேமலாப நிதியும் வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்த பேச்சுவார்த்தையில் மேசைக்குக் கொண்டுபோகவேண்டும்.

கோழி போடலாமா என்று கேட்ட மருமக்களுக்கு என் பதில் இதுதான். போடுங்கள். ஆனால் பத்துப் பேராகப் போடுங்கள், கொப்பியோடு போடுங்கள், செத்த கோழி யாருடையது என்று எழுதி வாங்கிக்கொண்டு போடுங்கள். நாளை துரை ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து செடியைப் பொறுப்பெடு என்றால், அப்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்: பட்டுப்போன செடி யாருடைய செடி?